சிவப்பு நூலில் இருபத்திரண்டு

லேப்காரி செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து பேனா விழுந்தது. குனியவில்லை. கடலைக் கொடி கணுக்காலைச் சுற்றியது. பிய்த்துக்கொண்டு ஓடினாள். எதிரே டிராக்டர் முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் தோண்டுகத்தி ஒரு சாண் ஆழத்தில் மண்ணைக் கிழிக்க, செடிகள் வேரும் காயுமாகப் புரண்டு வானத்தைப் பார்த்து விழுந்தன.

"நிறுத்துடா! டேய், நிறுத்து!"

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வரப்பைச் சுற்றிப் போக நேரமில்லை. குறுக்கே பாய்ந்து, டிராக்டரைத் தாண்டி, முன்சக்கரத்துக்கு நேரே போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

வண்டி குலுங்கி நின்றது. இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் அடங்கியது.

மேலே உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தம்பி. பண்ணையில் அவனுக்குச் சைலன்சர் என்று பெயர். வாய் ஓயாதவனுக்கு யாரோ குறும்புக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அக்கா, சாகறதுன்னா வேற வண்டி பாத்துக்க. இது பண்ணை வண்டி. எனக்கு மெமோ குடுப்பாங்க."

"எத்தனை சால் தோண்டினே?"

"நாலு முடிஞ்சுது. அஞ்சாவதுலதான் நீ குதிச்சிட்டியே."

"கீழே இறங்கு. சாவியை எடுத்துட்டு இறங்கு."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. இறங்கினான். கசங்கிய சீட்டு ஒன்றை அவள் நீட்டினாள். அதில் மூன்று எண்கள். 22. 22. 21.8.

"என்னக்கா இது, லாட்டரியா?"

"சிவப்பு நூல் கட்டின கடலையோட எண்ணெய். நூத்துக்கு இருபத்திரண்டு. மெஷின் கெட்டுப்போச்சோன்னு மூணு தடவை போட்டேன்."

"பச்சை நூல் நாப்பத்தேழுன்னு சொன்னியே. போன வாரம் டாக்டரம்மா டீ வாங்கிக் குடுத்தாங்களே எல்லாருக்கும்."

"பச்சை நாலு வாரக் கடலைடா. சிவப்பு ஏழு வாரம்."

சைலன்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப அப்பனைவிடப் பிள்ளைக்கு வயசு அதிகமா?"

"அதேதான்."

விஷயம் இதுதான். கடலைப் பூ மேலே பூத்தாலும் காய் மண்ணுக்குள்தான் பிடிக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு காம்பு நீண்டு மண்ணில் இறங்கும். அதன் நுனிதான் காயாகும். பண்ணையில் புது ரகம் ஒன்றைப் பரீட்சை போட்டார்கள். முதல் வாரம் இறங்கிய ஊசிகளில் சிவப்பு நூல் கட்டவேண்டும். மூன்று வாரம் கழித்து இறங்கும் ஊசிகளில் பச்சை. பிறகு ஒரே நாளில் இரண்டையும் பறித்து அளந்தால், பருப்புக்குள் எண்ணெய் எந்த வயதில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். கட்டியவர் பண்ணை மேஸ்திரி, லேப்காரியின் கணவர். களை எடுக்கும் பெண்கள் நூலின் நிறம் பார்த்துப் பறித்து, நூலை அவிழ்த்துவிட்டு, நிறம் எழுதிய சீட்டு கட்டிய தனித்தனிப் பையில் போட்டார்கள். பைகளை லேப்புக்குத் தூக்கி வந்தவரும் மேஸ்திரிதான். அங்கே பிரித்து, அரைத்து, அளந்தவள் லேப்காரி.

முதலில் பச்சையை அளந்தாள். நாற்பத்தேழு. நாலே வாரத்தில் பருப்பு முழுக்க எண்ணெய்! பண்ணையை நடத்தும் டாக்டரம்மா தலைமை ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார். முதிர்ந்த சிவப்பில் எண்ணெய் இருப்பது ஊரறிந்ததுதானே, அதற்கென்ன அவசரம் என்று அந்தப் பை குளிர்பெட்டியிலேயே கிடந்தது. இன்று காலை, ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டாள்.

இதே ரகத்தைப் பிந்தி விதைத்த இந்த எட்டு ஏக்கர் விதைக் கடலைக்கு இன்றோடு காய் நாலு வாரம். மழைக்கு முன்னால் தோண்டிவிடலாம் என்று டாக்டரம்மா உத்தரவு போட்டிருந்தார்.

லேப்காரி புரண்டு கிடந்த செடி ஒன்றைத் தூக்கி ஒரு காயைப் பிய்த்தாள். காய் என்னவோ முழுசாகத்தான் இருந்தது. உடைத்துப் பருப்பைக் கட்டைவிரலால் நசுக்கினாள். பளிச்சென்று தண்ணீர் தெறித்தது.

"எண்ணெயைக் காணோமே," என்றான் தம்பி. "மண்ணுலேர்ந்து இன்னும் ஏறலையா?"

"மண்ணுலேர்ந்து யாருடா ஏத்தினா? இலை வெயில்ல சர்க்கரை காய்ச்சுது. அது தண்டுல இறங்கி, இந்த ஊசி வழியா உள்ள போகுது. மொதல்ல பருப்புல வெறும் தண்ணியும் சர்க்கரையும்தான். அப்புறம் பருப்பே அந்தச் சர்க்கரையை உடைச்சு, நீள நீளமாச் சங்கிலி கோக்குது. மூணு சங்கிலியைச் சேத்து ஒரு கொண்டியில மாட்டுது. அதுதான் எண்ணெய். அதையும் சும்மா ஊத்தி வைக்காது. பொடிப்பொடித் துளியாக்கி, ஒவ்வொரு துளிக்கும் தோல் போத்தி அடுக்குது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடக் கூடாதில்ல."

"நம்ம வீட்டுல ஒரு டின் எண்ணெயைச் சிந்தாம வைக்கத் தெரியல. இதுக்கு எவ்வளவு பொறுப்பு பாரேன்."

"இப்பப் பிடுங்கினா சங்கிலி பாதியிலயே நின்னுடும். காயவச்சா தண்ணி போயி பருப்பு சூம்பிடும். விதைக்கும் உதவாது, செக்குக்கும் உதவாது. எட்டு ஏக்கர்டா!"

சைலன்சர் திரும்பித் தான் தோண்டிய நாலு சாலைப் பார்த்தான். முதல்முறையாக அவன் முகம் வெளுத்தது.

"நான் தோண்டினது பூரா சர்க்கரைத் தண்ணியா?"

டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் வரப்பில் தடதடத்து வந்தது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கடலை ஊசியை எண்ணுகிற டாக்டர். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கேள்வி வந்தது.

"வண்டி ஏன் நிக்குது?"

லேப்காரி சீட்டைக் கொடுத்தாள். டாக்டரம்மா ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"நேத்துதான் தலைமை ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் நின்னு பேசிட்டு வந்தேன். நாலு வாரத்துல எண்ணெய் நிறையற கடலைன்னு. கை தட்டினாங்க." குரல் மெல்ல இறங்கியது. "ஒண்ணு, வயல்ல நூல் மாறியிருக்கணும். இல்ல, லேப்புல பை மாறியிருக்கணும்."

டாக்டரம்மா சீட்டை நாலாக மடித்தார்.

"நூல் கட்டினது உன் வீட்டுக்காரர். பை பிரிச்சது நீ. பதினோரு வருஷமா தினக்கூலியா இருக்கே. பச்சை நாப்பத்தேழுன்னு நீ காட்டின அன்னிக்குத்தான் உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதினேன். எனக்கு எதுவும் தோணக் கூடாதுன்னு பாக்கறேன். ஆனா தோணுதேம்மா."

லேப்காரிக்குக் காதில் ஒரு ரீங்காரம் கேட்டது. டிராக்டர் ஓடவில்லை. பிறகு அது என்ன சத்தம்?

"மூணு மணிக்கு லேப்புக்கு வாங்க. ரெண்டு பேரும். யாரோ ஒருத்தர் பேரை எழுதி அனுப்பியாகணும். அந்தப் பேருக்கு இந்தப் பண்ணையில இனி வேலை இல்ல."

ஸ்கூட்டர் திரும்பியது.

"எப்படிப் பாத்தாலும் இடி நம்ம கூரையிலதானா!" என்றான் சைலன்சர்.

அந்தக் கூரை, காயவைக்கும் களத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை. இரண்டு அறை. ஜன்னல் கட்டையில் எத்தனை முறை துடைத்தாலும் கடலைத் தூசி ஒரு விரல் கனம் படியும். மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், காற்று மட்டும் வராது. மேஸ்திரி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார். அழுக்கு எப்போதோ போய்விட்டது.

"வாங்க, சோறு ஆறுது," என்றாள்.

வந்து உட்கார்ந்தார். தட்டில் சோறு, தயிர், பாதியாய் வகுந்த முட்டை. தொடவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. எங்கயாவது மாத்திக் கட்டிட்டீங்களா?"

"சிவப்பு வாரத்துக்குச் சிவப்பு. பச்சை வாரத்துக்குப் பச்சை. ரெண்டாயிரம் ஊசி. முட்டி தேய மண்டி போட்டுக் கட்டினேன்."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"களை எடுக்கறவங்க எல்லாம் அந்தப் பக்கம் வயல்ல. நான் ஒருத்தன்தான்."

"இந்த எட்டு ஏக்கர் இன்னும் முத்தலைன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களாமே?"

"சொன்னேன். 'நீங்க கட்டின நூலே முத்திடுச்சுன்னு சொல்லுதே மேஸ்திரி'ன்னாங்க. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

"ஏன், ஓட்டைச் சுரண்டிக் காட்டியிருக்க வேண்டியதுதானே? பத்தொன்பது வருஷமா அதைத்தானே பண்றீங்க!"

அது உண்மை. கடலை ஓட்டின் மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே நிறம் தெரியும். பிஞ்சில் வெளுப்பு, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கறுப்பு. அந்த நிறம் முற்ற முற்ற உள்ளே பருப்பில் எண்ணெய் ஏறுகிறது என்று கணக்கு. நாலு காயைச் சுரண்டிப் பார்த்து, "இன்னும் ஒன்பது நாள்" என்று மேஸ்திரி சொன்னால் ஒன்பதாம் நாள்தான் ஆள் வரும். ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை.

"காட்டியிருக்கலாம்," என்றார் மேஸ்திரி.

"ஏன் காட்டல?"

மேஸ்திரி ஜன்னல் கட்டையிலிருந்த தூசியை விரலால் வழித்தார்.

"அப்ப நான்தான் பையை மாத்திட்டேன்னு நினைக்கறீங்க."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வாயால சொல்லணுமா? தட்டைத் தொடாம உக்காந்திருக்கீங்களே, அதுக்கு வேற என்ன அர்த்தம்? நூலும் சரி, கட்டினதும் சரின்னா, மிச்சம் யாரு? நான்தானே? அளந்து அளந்து கை காப்புக் காய்ச்சவ, ஒரு நிரந்தர வேலைக்காகப் பொய்யா எழுதுவேன், அப்படித்தானே?"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? மூணு மணிக்கு அவங்க சத்தமாத்தான் பேசப்போறாங்க!"

வாசல்படியில் உட்கார்ந்திருந்த சைலன்சர் தலையை உள்ளே நீட்டினான். "கோர்ட் நடத்தறீங்க சரி. ஜட்ஜுக்கு ஒரு முட்டை வைக்கக் கூடாதா?"

இருவரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தன் தட்டை அப்படியே அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். தகரத்தில் ஒரு துளி மழை விழுந்து, அதோடு நின்றது.

சரியாக மூன்று மணி. லேப்பில் மேஜைக்குப் பின்னால் டாக்டரம்மா. எதிரே லேப்காரி. பக்கத்தில் மேஸ்திரி. சைலன்சரை யாரும் கூப்பிடவில்லை. இருந்தாலும் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். வெளியே மேகம் இறங்கி, அறை இருண்டிருந்தது. டாக்டரம்மா விளக்கைப் போட்டார். கடிதத் தாளில் தேதி எழுதியாயிற்று. பெயர் எழுத ஒரு கோடும் போட்டாயிற்று. பெயர்தான் பாக்கி.

"பரீட்சை வயல்ல நூலோட காய் இன்னும் மிச்சம் இருக்கு," என்றார். "அது சொல்லிடும். சிவப்பு நூல் காய் முத்தியிருந்தா, வயல் சரி, லேப் தப்பு. சிவப்பு பிஞ்சா இருந்தா, லேப் சரி, நூல் தப்பு. யாராவது போய்ப் பறிச்சிட்டு வாங்க."

"நான் போறேன்," என்றான் சைலன்சர்.

"நான் போறேன்." மேஸ்திரி அதற்குள் படியிறங்கிவிட்டார்.

போனவர் வரவில்லை. பத்து நிமிஷம், இருபது, முப்பது. பத்துப் பத்துக் காய் பறிக்க இவ்வளவு நேரமா? லேப்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில் அவர் செடிகளுக்கு நடுவே முழங்காலிட்டிருந்தார். ஒரு காயைப் பிடுங்குவதும், குனிவதும், யோசிப்பதும், இன்னொன்றைப் பிடுங்குவதுமாக இருந்தார். நூல் கண்ணெதிரே தொங்குகிறது. பறித்துப் போட வேண்டியதுதானே? என்ன யோசனை?

நாற்பதாவது நிமிஷம் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதட்டோரத்தில் மண். துண்டை அவிழ்த்து மேஜையில் விரித்திருந்த செய்தித்தாளில் காய்களைக் கொட்டி, இரண்டு குவியலாக ஒதுக்கினார்.

டாக்டரம்மா தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எது சிவப்பு?"

"இது." மேஸ்திரி வலப்பக்கக் குவியலில் கை வைத்தார். "நல்லா முத்தியிருக்கு. உள்ள எண்ணெய் ஏறிடுச்சு. அந்தப் பக்கம் பச்சை. அது இன்னும் பிஞ்சு. வயல்ல நூல் மாறலைங்க."

லேப்காரி திரும்பி அவரைப் பார்த்தாள். வயல் சரி என்றால் லேப் தப்பு. இருபத்திரண்டு வருஷம் ஒரே தகரத்தின் கீழே வாழ்ந்த மனிதர், மேஜையில் கை வைத்து அதைச் சொல்கிறார்!

"அப்ப லேப்தான்." டாக்டரம்மாவின் பேனா தாளைத் தொட்டது.

"லேப்பும் இல்லைங்க. பையைத் தூக்கிட்டு வந்தவன் நான். வழியில பையோட சீட்டை மாத்திக் கட்டினதும் நான்தான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. என் பேரை எழுதிக்குங்க."

"நீங்களா? எதுக்கு?"

"இவளுக்கு வேலை நிரந்தரம் ஆகட்டும்னு."

பொய். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. எதற்காக இந்தப் பொய்? செய்யாத தப்பை ஒருவர் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்? லேப்காரி வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மாமா."

"நீ சும்மா இருடா."

"இல்ல மாமா. நீங்க கை வச்சிருக்கறது பச்சை."

"விளையாடற நேரமா இது?"

"சத்தியமா மாமா. பச்சை. கிளிப்பச்சை."

டாக்டரம்மா தலையை நிமிர்த்தினார். மேஸ்திரியின் விரல்களுக்குக் கீழே பத்துக் காய். பத்திலும் பச்சை நூல். மறுபக்கம் பத்திலும் சிவப்பு. ஒன்றுகூடக் கலக்கவில்லை. டாக்டரம்மா வலப்பக்கத்தில் ஒன்றை உடைத்தார், முற்றிய பருப்பு. இடப்பக்கத்தில் ஒன்று, நகம் பட்டதும் நீர் கசிந்தது. அவ்வளவு துல்லியமாகப் பிரித்த மனிதர் நிறத்தின் பெயரை மட்டும் தலைகீழாகச் சொல்கிறார்.



டாக்டரம்மா ஒரு நூலைப் பிய்த்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இது என்ன கலர்?"

மேஸ்திரி நூலைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிற பார்வை.

"கறுப்பு தெரியும் டாக்டரம்மா," என்றார் கடைசியில். "வெள்ளை தெரியும். நீலம், மஞ்சள் தெரியும். இது ரெண்டும் எனக்கு ஒரே மண்ணு."

"எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து."

லேப்காரி பின்னால் இருந்த ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷம்!

"அப்ப பத்தொன்பது வருஷமா ஓட்டைச் சுரண்டி, ஆரஞ்சு வந்திருச்சு, பழுப்பு திரும்பிடுச்சுன்னு எங்கிட்ட சொன்னதெல்லாம்?" என்றார் டாக்டரம்மா.

"சுரண்டற சாக்குல பருப்பைக் கடிச்சுப் பாத்துக்குவேன். இனிச்சா இன்னும் மூணு வாரம். இனிப்புப் போயி சப்புனு இருந்தா ரெண்டு. பல்லுல வழுக்கிச்சுன்னா ஆளைக் கூப்பிடலாம். இப்பவும் அப்படித்தான் கடிச்சுப் பிரிச்சேன். முத்தினது சிவப்பாத்தானே இருக்கணும்னு நினைச்சேன். கலரைப் பத்தி, நீங்க எந்தப் பேரைக் கேக்க ஆசைப்படறீங்களோ அதைச் சொல்லிடுவேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். உடைத்த பருப்பில் ஒன்றை எடுத்து, யாரும் எதிர்பார்க்காமல், வாயில் போட்டு மென்றார். இன்னொன்றையும் மென்றார். முகம் மாறியது.

"அந்த எட்டு ஏக்கர்?"

"பதினெட்டு நாள். மழை பேஞ்சாலும் நிக்கும். நாலு சால் போனது போனதுதான்."

"பதினெட்டாம் நாள் தோண்டலாம்." எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாள் எடுத்தார். "தெரியாம நடந்ததுன்னு எழுதறேன். வேலை போகாது. ஆனா எப்படி மாறிச்சுன்னு எழுதணுமே. இத்தனை வருஷம் நூல் மாறல, இந்த வருஷம் எப்படி மாறும்?"

"அதுதாங்க எனக்கே விளங்கல," என்றார் மேஸ்திரி. "நூல் டப்பால இடப்பக்கம் சிவப்பு உருண்டை, வலப்பக்கம் பச்சை. கடையில வாங்கும்போதே கேட்டு அப்படி வச்சுக்குவேன். அந்த டப்பாவை என்னைத் தவிர யாரும் தொடறதில்ல."

டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். லேப்காரி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். இந்த அறையில் அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருந்தது.

"தொட்டேன்," என்றாள். "சிவப்பு வாரத்துக்கு முந்தின நாள் அலமாரி பூரா எறும்பு. டப்பாவைக் கொட்டித் துடைச்சு உருண்டையைத் திரும்ப வச்சது நான். எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பாக்கவே இல்ல."